ஸ்டார்ட்டர் மோட்டாரின் பழுது

மோட்டார் கார் வைத்திருப்போர் எவருக்கும் ஒருநாள் நேரக்கூடிய சங்கடம் இது. சாவியைத் திருப்புகிறோம், எஞ்சின் சுழலவில்லை. 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று சொல்லி மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புகிறோம். அவர் வந்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுகிறார், புதியதொன்றைப் பூட்டுகிறார். சில வேளைகளில் கார் கிளம்பிவிடுகிறது. வேறு சில வேளைகளிலோ, பணம் செலவான பின்னும் பழைய நோய் அப்படியே நிற்கிறது. காரணம், நோய் மோட்டாரில் இல்லை. மோட்டாருக்கு மின்சாரம் செல்லும் பாதையில் இருந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு, பழுது மோட்டாரிலேயே இருக்குமாயின் அதில் எவ்வளவை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்பதே இப்பேச்சின் பொருள்.

முற்காலத்தில் காரைக் கிளப்புவதற்கு அதன் முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையாற் சுற்றவேண்டும். எஞ்சின் சில சமயம் எதிர்த்து உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். இத்தொல்லையை நீக்கியவர் அமெரிக்கப் பொறியறிஞர் சார்லஸ் கெட்டரிங். அவர் அமைத்த மின்துவக்கி 1912-ஆம் ஆண்டு மாதிரியான காடிலாக் கார்களில் இடம்பெற்றது. காரைச் சுற்றும் அளவுக்கு வலிய மோட்டார் காருக்குள் அடங்காத பருமனாக அல்லவா இருக்கும் என்று பலர் ஐயுற்றனர். கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் பணப்பதிவு யந்திரத்துக்கு மின் மோட்டார் அமைத்தவர். சில விநாடிகளே உழைக்க வேண்டிய மோட்டாரைச் சிறியதாகச் செய்து, அதன் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றைய ஸ்டார்ட்டரும் அதே இனத்தது; சில விநாடி வீரன். அதனால்தான் ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்திருக்கலாகாது. இடையே ஒரு நிமிடமேனும் ஓய்வு தரவேண்டும். கைப்பிடியின்றித் தானே கிளம்பும் வண்டி என்னும் பொருளில் 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்று பெயர் வந்தது. நம்மவர் நாவில் அதன் முற்பாதி மட்டுமே தங்கிவிட்டது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன நம் அம்பாசடர் காரிலோ, செல்ஃப் இருந்தும் நெடுங்காலம் கைப்பிடியும் உடன் வந்துகொண்டிருந்தது. முன்னெச்சரிக்கை என்று அதைச் சொல்லலாம். அவநம்பிக்கை என்றும் சொல்லலாம்.

இனி, சாவியைத் திருப்பியதும் நிகழ்வது யாதெனக் காண்போம். சாவியின் வழியாகச் செல்வது சிறிய மின்னோட்டமே. அது மோட்டாரின் முதுகில் அமர்ந்திருக்கும் சொலினாய்டு என்னும் மின்காந்தத்தை உயிர்ப்பிக்கிறது. சொலினாய்டினுள் இருக்கும் இரும்புத் தண்டு உள்ளே இழுக்கப்படுகிறது. அத்தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் சிறு பற்சக்கரம் ஒன்றை முன்னே நகர்த்தி, எஞ்சினின் ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல்வளையத்தோடு பொருத்துகிறது. தண்டு தன் பயணத்தின் முடிவை எட்டும்போது, அதன் மறுமுனையிலுள்ள செப்புத் தகடு இரண்டு பருத்த முனைகளை இணைத்துவிடுகிறது. அப்போதுதான் பாட்டரியிலிருந்து பெருமின்னோட்டம் மோட்டாரினுட் பாய்கிறது. சிறு பற்சக்கரத்தில் ஒன்பது பத்துப் பற்கள். பெரிய வளையத்தில் நூறும் அதற்கு மேலும். ஆகவே மோட்டார் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும். பழைய அம்பாசடர் பெட்ரோல் வண்டிகளில் அமைப்புச் சற்று வேறு. அவற்றில் சொலினாய்டு தனியே நின்று வெறும் ஸ்விட்சாகப் பணிபுரியும்; மோட்டார் திடீரெனச் சுழலும் வேகத்தினால் பற்சக்கரம் திருகுபுரியின் மீது தானே ஓடிப் பல்வளையத்தைப் பற்றிக்கொள்ளும்.

பெருமின்னோட்டம் என்றோம். அது எவ்வளவு? சிறிய பெட்ரோல் கார் ஒன்றில் ஏறத்தாழ 100 முதல் 150 ஆம்பியர். டீசல் வண்டியில் இதைவிட மிகுதி. முன்விளக்கு ஒன்று எடுத்துக்கொள்வதோ 5 ஆம்பியருக்கும் குறைவு. இந்த வேறுபாட்டிலேதான் பழுதறியும் கலை முழுதும் அடங்கியிருக்கிறது. பாட்டரி முனையில் உப்புப் பூத்து, அங்கே ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். 5 ஆம்பியர் ஓடும்போது அத்தடையில் இழப்பாவது 0.05 வோல்ட். விளக்கு பளிச்சென்று எரியும். 150 ஆம்பியர் ஓட முயலும்போது அதே தடையில் இழப்பாவது 1.5 வோல்ட், 225 வாட் ஆற்றல் அந்த ஒரு முனையிலேயே வெப்பமாக வீணாகும். மோட்டார் முனகும். 'விளக்கு நன்றாக எரிகிறது, ஹாரன் ஒலிக்கிறது. ஆகவே பாட்டரியில் குற்றமில்லை, செல்ஃப்தான் போய்விட்டது' என்ற முடிவு தவறாகப் போவது இதனாலேயே. மீட்டரை ஓம் அளவில் வைத்து அம்முனையைச் சோதித்தாலும் பயனில்லை. நூறில் ஒரு பங்கை வீட்டு மீட்டர் காட்டாது.

ஆகையால் ஸ்பானரை எடுக்குமுன் காதையும் கண்ணையும் பயன்படுத்த வேண்டும். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஒலி எதுவுமில்லை, விளக்கு அணையும் அளவுக்கு மங்குகிறது என்றால், பாட்டரி வற்றியிருக்கிறது அல்லது அதன் முனை இணைப்பு கெட்டிருக்கிறது. ஒலியும் இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால், சிறிய மின்னோட்டமே சொலினாய்டை எட்டவில்லை. சாவி ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ், மெல்லிய கம்பி இவற்றுள் ஒன்றில் தடை. கிளட்சை மிதித்தாலன்றிக் கிளம்பாத வண்டியாயின் கிளட்ச் ஸ்விட்சும் ஐயத்துக்கு உரியது. 'டக்' என்று ஒரே ஓர் ஒலி, விளக்கில் மாற்றமில்லை என்றால், தண்டு நகர்ந்தும் பெருமின்னோட்டம் பாயவில்லை; செப்பு முனைகள் கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம். அதே 'டக்' ஒலியோடு விளக்கும் வெகுவாக மங்கினால், மின்சாரம் பாய்கிறது, ஆனால் ஏதோ ஒன்று சுழல மறுக்கிறது.

'டட்டட்டட்' என்று விடாது தட்டும் ஒலியைக் கேட்டுப் பலர் மோட்டார் உடைந்துவிட்டதோ என்று அஞ்சுவதுண்டு. பெரும்பாலும் அது பாட்டரியின் பலவீனமேயாகும். சொலினாய்டில் இரண்டு சுருள்கள் உள்ளன; ஒன்று தண்டை இழுப்பது, மற்றது இழுத்த தண்டைப் பிடித்து நிறுத்துவது. தண்டு முனையை எட்டியதும் மோட்டார் மின்னோட்டத்தை வாங்குகிறது, பலமற்ற பாட்டரியின் அழுத்தம் அக்கணமே வீழ்கிறது, பிடித்திருக்கும் சுருள் தளர்கிறது, தண்டு பின்வாங்குகிறது. சுமை நீங்கியதும் அழுத்தம் மீள்கிறது. தண்டு மீண்டும் பாய்கிறது. இந்தப் போராட்டமே அவ்வொலி. 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் வேகமாய்ச் சுற்ற எஞ்சின் அசையாதிருந்தால், பற்சக்கரம் பொருந்தவில்லை அல்லது அதனுள் இருக்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. 'கரகர' வென்று பல்லைக் கடிக்கும் ஒலி வந்தால் பற்களில் தேய்மானம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றிலேதான் நிற்கும். ஆகவே பல்வளையம் எங்கும் தேய்வதில்லை, அவ்விரண்டு இடங்களில் மட்டும் தேய்கிறது. சாவியை அணைத்து, வண்டியை மேல் கியரில் போட்டுச் சற்று முன்னும் பின்னும் அசைத்தால் நல்ல பற்கள் எதிர்ப்படும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் செய்யும் தந்திரம் இது. வீடு சேர உதவும்; நோயைத் தீர்க்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-இல் மும்பையிலும், 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிலும் வந்தவை போன்ற பெருவெள்ளங்களில் கார்கள் மூழ்கிப் போகின்றன. வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்ப்பது மனித இயல்பு. அப்போது 'டக்' என்று ஒலித்து எஞ்சின் இறுகி நின்றால், ஸ்டார்ட்டர் கெட்டுவிட்டது என்று எண்ணி மேலும் மேலும் முயலாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கக்கூடும். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க இயலாது. மீண்டும் மீண்டும் சுற்ற முயன்றால் இணைப்புத் தண்டு வளையும். தள்ளிக் கிளப்ப முற்பட்டால் எஞ்சினே உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே ஸ்டார்ட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். கார் உயரத்தில் மூழ்கியதா என்று ஐயமிருந்தால் சாவியையே தொடாமல் இழுத்துச் செல்வது நலம்.

ஒலியால் ஊகித்ததை மீட்டரால் உறுதி செய்ய வேண்டும். கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும்; அதை நேர்மின்னோட்ட 20 வோல்ட் அளவில் வையுங்கள். இரவெல்லாம் ஓய்ந்திருந்த பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு நிறைவு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழ் என்றால் முதலில் பாட்டரிக்கு மின்னேற்றம் செய்யுங்கள், மற்றவை பிறகு. அடுத்து, எஞ்சின் கிளம்பிவிடாதபடி எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, உதவிக்கு ஒருவரைச் சாவியைத் திருப்பச் செய்து, சுழலும்போது பாட்டரியின் அழுத்தத்தைப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழ் வீழ்ந்தால் பாட்டரி நலிந்தது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி விழுங்குகிறது. இப்போது மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்க்குமிழிலும், மறு முனையை மோட்டாருக்குட் செல்லும் பருத்த இணைப்பிலும் வைத்துச் சுழற்றச் செய்யுங்கள். கவ்வியில் அன்று, ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும். குற்றம் பெரும்பாலும் அவ்விரண்டிற்கும் இடையில்தான் ஒளிந்திருக்கும். மீட்டர் காட்டுவது வழியில் இழந்த அழுத்தம். அரை வோல்ட் வரை பொறுக்கலாம். பின்னர் எதிர்க்குமிழுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே அவ்வாறே அளவுங்கள், இங்கே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேற்படலாகாது.

இழப்பு மிகுதியாயின், குமிழுக்கும் கவ்விக்கும் இடையே, கவ்விக்கும் சொலினாய்டுக்கும் இடையே, சொலினாய்டின் இரு பருத்த முனைகளுக்கு இடையே என்று பாதையைத் துண்டு துண்டாக அளந்து வந்தால் குற்றவாளி தானே அகப்படுவான். 'டக்' ஒலி கேட்டும் அவ்விரு பருத்த முனைகளுக்கிடையே ஏறத்தாழ 12 வோல்ட் காட்டினால் உள்ளே செப்பு முனைகள் இணையவில்லை என்பது தெளிவு. மாறாக, மோட்டாரின் முனைக்கு முழு அழுத்தமும் வந்து சேர்ந்தும் அது சுழலாதிருந்தால், குறை மோட்டாரினுள்ளேதான்.

பூமி இணைப்பு எனப்படும் எதிர்ப்பக்கத்தை மறந்துவிடுகிறவர்கள் மிகப் பலர். எஞ்சின் ரப்பர்த் திண்டுகளின் மீது அமர்ந்திருப்பதால் காரின் உடலோடு அதற்கு மின்தொடர்பு இல்லை. பின்னிய செப்புப் பட்டை ஒன்றுதான் இரண்டையும் இணைக்கிறது. அது துருவேறி அறுந்தால் மின்னோட்டம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகப் பாய்ந்து அதைச் சுடச்செய்வதும் உண்டு. கடற்கரை ஊர்களில் வண்டி வைத்திருப்போர் இப்பட்டையை ஆண்டுக்கொரு முறை கழற்றித் தேய்த்துப் பூட்டுவது வீண் வேலையன்று. பாட்டரி முனைகளில் பூத்த வெண்ணிற, நீலநிற உப்பை ஆப்பச் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் தடவிவிட்டால் போதும். பல 'செல்ஃப் பழுதுகள்' இந்த அளவிலேயே தீர்ந்துவிடுகின்றன.

தீரவில்லையெனில் மோட்டாரைக் கழற்றத்தான் வேண்டும். முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். பூட்டும்போது அதையே கடைசியிற் பூட்டுங்கள். நேர்முனையை முதலில் தொட்டால், ஸ்பானரின் மறுகோடி காரின் உடலிற் பட்ட கணமே தீப்பொறி பறக்கும். மோதிரம், காப்பு, கடிகாரச் சங்கிலி இவற்றை முன்னமே அகற்றிவிடுதல் வேண்டும். வண்டிக்குக் கீழே செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் புகாதீர்கள், செங்கல்லையும் நம்பாதீர்கள், அது சுமையில் திடீரென நொறுங்கும். இரும்புத் தாங்கிகளை வைத்துப் பின்சக்கரங்களுக்குத் தடைக்கட்டை கொடுங்கள். கீழே படுத்தபடி ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டின் முனைகளை இணைத்து எஞ்சினைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. வண்டி கியரில் இருந்துவிட்டால் அது படுத்திருப்பவர் மீதே ஏறும். அந்த வித்தையை விட்டுவிடுவதே நலம்.

மோட்டாரைப் பிடித்திருப்பவை இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகள். கடைசி போல்ட்டைத் தளர்த்துமுன் மோட்டாரைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பொருத்துமிடத்தில் மெல்லிய தகடுகள் இருப்பின் அவற்றைத் தொலைக்கலாகாது. பற்களுக்கிடையே உள்ள இடைவெளியை அவைதாம் வகுக்கின்றன. பிரிக்குமுன் உடற்பகுதிகளின் சேர்க்கையில் ஆணியால் ஒரு கோடு கீறிவைத்து, ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால், மீண்டும் சேர்க்கும்போது திகைக்க நேராது.

பின்மூடியைத் திறந்ததும் கார்பன் பிரஷ்கள் தெரியும், பெரும்பாலும் நான்கு. புதியதன் நீளத்தில் பாதிக்கும் கீழே தேய்ந்தவற்றை மாற்றிவிட வேண்டும். சில வேளை பிரஷ் தேய்ந்திராது. கரித்தூள் படிந்து தன் கூட்டுக்குள் சிக்கி, கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கும். மோட்டாரைச் சுத்தியலால் தட்டினால் கார் கிளம்புகிறதே, அதன் இரகசியம் இதுதான். பழைய மோட்டார்களில் அவ்விதம் தட்டுவதால் கேடில்லை. இக்காலத்துச் சிறிய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காந்தச் சுருளுக்குப் பதிலாக நிலைக்காந்தத் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பீங்கான் போன்று நொறுங்கும் தன்மையன. ஓர் அடியில் காந்தம் விரிந்துவிடும். பிறகு அந்த மோட்டாருக்கு வாழ்வில்லை. பிரஷ் வாங்கும்போது மோட்டாரின் எண்ணைக் காட்டி அதற்குரியதையே கேட்டு வாங்குங்கள். சென்னைப் பாடியில் 1961-இல் நிறுவப்பெற்ற லூக்காஸ் டி.வி.எஸ். போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் மோட்டார்களுக்கு உதிரிப் பாகங்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும். பிரஷ்ஷின் செப்புப் பின்னலைப் பற்றவைக்க ரேடியோ பழுது பார்க்கும் சிறு சால்டரிங் அயர்ன் போதாது. வெப்பம் அதிகமுள்ளது வேண்டும். பற்று சரியாக ஏறாவிட்டால் மோட்டார் சூடேறும்போது ஈயம் உருகித் தெறித்துவிடும்.

கம்யூட்டேட்டரின் செப்பு மேனி கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். எமரித்தாள் வேண்டா, அதன் துகள் செப்பிற் பதிந்து பிரஷ்ஷை அரித்துவிடும். தகடுகளுக்கு இடையிலுள்ள மைக்காவைக் குடைந்து தாழ்த்துவதா என்பதில் மோட்டாருக்கு மோட்டார் விதி வேறு; கையேடு சொன்னாலன்றிக் குடையாதீர்கள். பின்னர் மீட்டரால் ஒவ்வொரு செப்புத் தகட்டுக்கும் ஆர்மேச்சரின் தண்டுக்கும் இடையே சோதியுங்கள். தொடர்பு எங்கும் இருத்தலாகாது. ஒரு தகடு மட்டும் கருகிக் குழிந்திருந்தால் அதனோடு சேர்ந்த சுருள் அறுந்திருக்கிறது என்று கொள்க. அடுத்தடுத்த சுருள்கள் தம்முள் ஒட்டிக்கொண்டதை வீட்டு மீட்டர் காட்டாது. அதற்குச் சுருள் சுற்றும் பட்டறையில் தனிக்கருவி உண்டு. ஆர்மேச்சர் கெட்டது என்று உறுதியானால் அங்கே நிறுத்திக்கொண்டு, வேறு மோட்டார் வாங்குவதே சிக்கனம் என்பது என் கருத்து.

ஆர்மேச்சரின் இரும்பு உடலில் உராய்ந்த தடம் பளபளத்தால், தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் தேய்ந்திருக்கிறது. மெதுவாகச் சுழன்று நிரம்ப மின்சாரம் விழுங்கும் மோட்டார்களில் இதுவே பெரும்பாலும் காரணம். புதிய புஷ்ஷை எஞ்சின் எண்ணெயில் ஒரு நாள் முழுதும் ஊறவைத்துப் பின் பொருத்த வேண்டும். அது நுண்துளைகளுள் எண்ணெயை உறிஞ்சித் தன் ஆயுளெல்லாம் அதைக் கொண்டே வாழ்வது. பற்சக்கரத்தை விரலால் திருப்பிப் பாருங்கள்; ஒருபுறம் எளிதாய்ச் சுழன்று, மறுபுறம் தண்டோடு இறுகிப் பிடிக்க வேண்டும். இருபுறமும் சுழன்றால் ஒருவழிக் கிளட்ச் தேய்ந்தது. அதை முழுதாக மாற்றுவதன்றி வேறு வழியில்லை. சுத்தம் செய்கிறோம் என்று அதை மண்ணெண்ணெயில் அமிழ்த்திவிடாதீர்கள். உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துபோகும். ஆர்மேச்சரையும் சுருள்களையும்கூட உலர்ந்த தூரிகையால் துடைப்பதே முறை. பழைய வகை மோட்டாரின் திருகுபுரிக்கு எண்ணெய் இடுவது இன்னொரு தவறு. எண்ணெயில் தூசி படிந்து பற்சக்கரம் பாதியில் நின்றுவிடும்.

சொலினாய்டின் மூடி திருகாணிகளால் பூட்டப்பட்டதாயின் திறந்து, கருகிய செப்பு முனைகளை மாற்றலாம். மூடி வார்த்து அடைக்கப்பட்டதாயின் சொலினாய்டு முழுவதையும் மாற்றிவிடுங்கள். மோட்டார் பழையதே போதும்.

சேர்த்த மோட்டாரை வண்டியில் ஏற்றுமுன் பட்டறைப் பிடியில் இறுக்கி, பருத்த கம்பிகளால் பாட்டரியோடு இணைத்து இரண்டொரு விநாடி ஓட்டிப் பாருங்கள். பிடியின்றிக் கையில் வைத்து ஓட்டினால் அது துள்ளி விழும். பற்சக்கரம் 'டக்' என்று முன்னே வந்து, மோட்டார் சீராகச் சுழன்று, சாவிக்கம்பியை எடுத்ததும் பின்வாங்க வேண்டும். சோதனை நடக்குமிடத்தில் பீடி, சிகரெட் கூடாது. மின்னேற்றம் பெற்ற பாட்டரி எரியும் வாயுவை வெளியிடும். பின்னர் மோட்டார் அமரும் உலோக முகத்தைத் துருவும் வண்ணமும் போகச் சுரண்டிப் பூட்டுங்கள். மோட்டாரின் பூமி இணைப்பு அந்த முகத்தின் வழியாகத்தான் செல்கிறது. எதிர்முனையைக் கடைசியாக மாட்டி, முன்போலவே இருபுறமும் இழப்பை அளந்து, கிடைத்த எண்களை நாளோடு காரின் கையேட்டில் குறித்து வைத்தால், அடுத்த முறை எஞ்சின் மந்தமாகச் சுழலும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவை பயன்படும்.